வறண்ட தோலுக்கு வீட்டில் தயாரிக்கும் களிம்புகள்

ஒக்டோபர் மாதத்தில் வீட்டு வெப்பமூட்டிகள் இயங்கத் தொடங்கியதும் ஆஹெனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே முறைப்பாடு எழுகின்றது. முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகின்றது. குதிகாலும் விரல் மூட்டுகளும் வெடிக்கின்றன. பிள்ளைகள் இரவில் சொறிந்துகொண்டு உறக்கத்திலிருந்து எழுகின்றனர். ஊரில் தேங்காய் எண்ணெய் பூசினால் தீர்ந்துபோன தொல்லை இங்கே ஏன் தீரவில்லை என்பது பலருக்கும் விளங்குவதில்லை. இப்பாடம் அந்தக் காரணத்தை முதலில் விளக்கி, பின்னர் வீட்டுச் சமையலறையில் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய மூன்று தயாரிப்புகளைக் கூறுகின்றது.

ஆஹென் மழை மிகுந்த ஊர். ஆகையால் இங்குள்ள காற்று வறண்டது என்றால் நம்புவது கடினம். ஆனால் குளிர்ந்த காற்று மிகச் சிறிதளவு நீராவியையே தாங்கும். 0 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியைக் கொள்ளும்; 20 பாகையில் அதே கனமீற்றர் 17.3 கிராம் வரை கொள்ளும். வெளியே 0 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில் சாளரத்தைத் திறந்தால் உள்ளே வருவது கனமீற்றருக்கு 3.8 கிராம் அளவு நீராவிதான். அந்தக் காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 22 சதவீதமாகக் குறைகின்றது. மழை பெய்துகொண்டிருக்கும் நாளிலும் வரவேற்பறைக்குள் பாலைவனக் காற்று இருப்பது இவ்வாறுதான். வீட்டில் 40 முதல் 60 சதவீதம் வரை ஈரப்பதன் இருப்பது தோலுக்கு நலம். மலிவான ஈரப்பதமானி ஒன்று இதனைக் காட்டிவிடும். அதேவேளை 60 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது காரணம் சுடுநீர். ஆஹென் சுடுநீராலேயே பிறந்த ஊர். உரோமானியர் இங்கே குளியல் மண்டபங்கள் கட்டினர். பேரரசர் கார்ல் இந்த ஊற்றுகளில் நீந்துவதை விரும்பினார். புர்ட்ஷைட் பகுதியின் ஊற்றுகள் 70 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பொங்குகின்றன. ஆயினும் வறண்ட தோல் உடையவர் வீட்டில் நாள்தோறும் நீண்ட நேரம் சுடுநீரில் நிற்பது நன்றன்று. சுடுநீரும் சவர்க்காரமும் சேர்ந்து தோலின் இயற்கைக் கொழுப்பைக் கரைத்துச் செல்கின்றன. சாதாரண சவர்க்காரக் கட்டியின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்போ 5 அளவில் சற்று அமிலத்தன்மை உடையது. குளியல் 5 முதல் 10 நிமிடத்துக்குள், வெதுவெதுப்பான நீரில் முடியவேண்டும். சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். இறந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். செரமைடு, கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் ஆகியவை அவற்றுக்கிடையிலுள்ள சாந்து. சாந்து உதிரும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறுகின்றது. வெளியிலிருக்கும் எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. எனவே ஒரு நல்ல களிம்பு மூன்று வேலைகளைச் செய்யவேண்டும்: நீரைப் பிடித்து வைத்தல், விரிசலை நிரப்பி மென்மையாக்கல், மேலே மூடி நீராவி வெளியேறாது தடுத்தல். கிளிசரினும் யூரியாவும் முதல் வேலையைச் செய்யும். தாவர எண்ணெய்கள் இரண்டாவதைச் செய்யும். தேன்மெழுகு, வஸலீன், கம்பளிக் கொழுப்பு ஆகியன மூன்றாவதைச் செய்யும். ஊர் வழக்கத்தில் எண்ணெய் மட்டும் பூசப்படுகின்றது. ஈரமான கடற்கரைக் காற்றில் அது போதும். இங்கே, காய்ந்த தோலின் மேல் எண்ணெய் பூசினால் பளபளப்பு வருமேயன்றி உள்ளே நீர் வராது. நீரை முதலில் தோலுக்குக் கொடுத்து, அதன் மேல் எண்ணெயால் மூடுவதே முறை. குளித்த பின் துவாலையால் ஒற்றி, தோல் இன்னும் ஈரமாயிருக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசவேண்டும் என்று தோல் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. இந்த ஒரு பழக்கம் மட்டுமே விலையுயர்ந்த பல கிறீம்களைக் காட்டிலும் பயன் தரும்.

கருமையான தோலில் வறட்சியையும் அழற்சியையும் அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜேர்மன் மொழிக் கையேடுகள் பலவும் 'சிவந்த தோல்' என்றே எழுதுகின்றன. தமிழரின் தோலில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை. சூழவுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா சாயலுடனோ தோன்றும். ஆகவே சிவப்பைத் தேடாமல் சூடு, வீக்கம், சொரசொரப்பு ஆகியவற்றைக் கையால் தொட்டு உணரவேண்டும். சொறிந்த இடங்கள் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும் என்பதால், நமது தோலுக்கு வறட்சியை முன்கூட்டியே தடுப்பது இன்னும் முக்கியமாகின்றது.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய்க்கு நற்பெயர் வீணாக வந்ததன்று. பிலிப்பைன்ஸில் 34 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வொன்று, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு நிகராகப் பயன்படுவதைக் காட்டிற்று. அதன் குறை வேறிடத்தில் உள்ளது: 24 அல்லது 25 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். ஆஹென் குளியலறையில் டிசம்பர் மாதத்தில் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. உள்ளங்கையில் உருக்கியே பூசவேண்டும்.

ஒலிவ எண்ணெய் குறித்து எச்சரிக்கை தேவை. இங்குள்ள அயலவர் அதனைப் பரிந்துரைப்பர். எனினும் இங்கிலாந்தில் 2013 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஒலிவ எண்ணெய் தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்தியதாகவும், சூரியகாந்தி எண்ணெய் அதனைக் கெடுக்காமல் விட்டதாகவும் கண்டறியப்பட்டது. பங்கேற்றவர் 19 பேரே. ஆயினும் காரணம் விளங்கக்கூடியது. ஒலிவ எண்ணெயில் ஒலெயிக் அமிலம் மிகுதி. அது தோலின் கொழுப்படுக்கைக் குலைக்கும் இயல்புடையது. சூரியகாந்தியில் லினொலெயிக் அமிலம் மிகுதி. தோல் தன் செரமைடுகளை ஆக்குவதற்கு அது தேவைப்படுகின்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பொரிப்பதற்கென்று 'பிராட்ஓல்' எனும் பெயரில் அங்காடிகளில் விற்கப்படும் சூரியகாந்தி எண்ணெய்களில் பல, ஒலெயிக் அமிலம் கூடிய தனி வகையிலிருந்து எடுக்கப்படுவன. 'ஹை ஒலெயிக்' என்று எழுதியிருந்தால் தவிர்த்து, சாதாரண சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயை எடுக்கவேண்டும்.

நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் ஏறக்குறையச் சமமாக உள்ளன. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு இங்கும் தொடரலாம். ஆனால் பயற்றம்மாவால் முழுவதையும் துடைத்தெடுப்பது குளிர்காலத்தில் வேண்டாம், கொஞ்சம் எண்ணெய் மேலே எஞ்சட்டும். எள்ளுக்கு ஒவ்வாமை உள்ளவரும், நிலக்கடலைக்கு ஒவ்வாமை உள்ளவரும் அந்தந்த எண்ணெயைத் தோலிலும் பூசலாகாது. எலுமிச்சைச் சாற்றை எக்காரணம் கொண்டும் சேர்க்கவேண்டாம்: வெயில் படும்போது அது தோலில் எரிகாயம் போன்ற கொப்புளத்தை உண்டாக்கும்.

கம்பளியும் கொக்கோவும்

களிம்புக் கலைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஆஹெனும் புர்ட்ஷைட்டும் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற நெசவு ஊர்களாக இருந்தன. வெந்நீர் ஊற்றுகளின் நீர் கம்பளி கழுவவும் பயன்பட்டது. ஆட்டின் மயிரைக் கழுவும்போது அதிலிருந்து கொழுப்பொன்று பிரிகின்றது. நெடுங்காலம் கழிவாகக் கருதப்பட்ட அந்தக் கொழுப்பிலிருந்து 1882 இல் ஒஸ்கார் லீப்ரைக்கும் ஓட்டோ பிரவுனும் லனோலினைத் தூய்மைப்படுத்தி எடுத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசாக் லிஃப்ஷூட்ஸ் எனும் வேதியியலாளர் அதே கம்பளிக் கொழுப்பிலிருந்து 'ஒய்செரிட்' எனும் பொருளைப் பிரித்தெடுத்தார். எண்ணெய்க்குள் பெருமளவு நீரைப் பிரியாமல் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. அதனை அடித்தளமாகக் கொண்டே 1911 இல் ஹம்பூர்க்கில் நிவேயா கிறீம் பிறந்தது.

நகர மையத்தில், ஹூனர்மார்க்ட் சதுக்கத்திலுள்ள கூவன் அருங்காட்சியகம் முன்னாளில் மொன்ஹைம் குடும்பத்தாரின் மருந்தகமாக இருந்த கட்டடத்தில் அமைந்துள்ளது. பழைய மருந்தகத்தின் தட்டுகளையும் சாடிகளையும் அங்கே காணலாம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லெயோனார்ட் மொன்ஹைம் 1857 இல் சாக்லேட் தயாரிப்பைத் தொடங்கினார். மருந்தகத்தில் சாக்லேட்டா என வியப்போர் உண்டு. கொக்கோ அக்காலத்தில் மருந்துக்காரரின் சரக்கு. அதன் வெண்ணெய் அறை வெப்பத்தில் திண்மமாயிருந்து உடல் சூட்டில் உருகுவதால் களிம்புகளுக்கும் பயன்பட்டது. இன்றும் உதட்டுக் களிம்புக்கு அதைவிடச் சிறந்த பொருள் அரிது.

தயாரிப்பதற்கு முன்

கரண்டியாலும் கோப்பையாலும் அளப்பதை விட்டுவிடவேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று அவசியம். கண்ணாடிச் சாடிகளையும் கரண்டிகளையும் 10 நிமிடம் கொதிநீரில் இட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்து முற்றாக உலரவிடவேண்டும். உள்ளே ஒரு துளி நீர் தங்கினாலும் எண்ணெய்க் களிம்பு கெடும். சமையலுக்குப் பயன்படும் மிளகாய், மஞ்சள் பட்ட பாத்திரங்கள் வேண்டாம்.

முதலாவது, நீர் சேராத களிம்பு. புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே ஏற்றது. நீர் இல்லாத இடத்தில் நுண்ணங்கிகள் பெருகுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் 70 கிராம், ஷியா வெண்ணெய் அல்லது கொக்கோ வெண்ணெய் 18 கிராம், தேன்மெழுகு 12 கிராம். வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த கண்ணாடிக் குவளையில் மெழுகையும் எண்ணெயையும் இட்டு மெதுவாகச் சூடாக்கவேண்டும். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். நேரடி நெருப்பில் வைக்கலாகாது. மெழுகு உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கி, வெண்ணெயைச் சேர்த்துக் கரையும்வரை கிளறி, சாடிகளில் ஊற்றிக் குளிர்சாதனப்பெட்டியில் விரைவாக ஆறவிடவேண்டும். மெதுவாக ஆறினால் ஷியா வெண்ணெய் மணல்மணலாகத் திரளும். அது கெட்டதன் அறிகுறியன்று, மீண்டும் உருக்கி விரைந்து ஆற்றினால் சீராகும். மிகக் கெட்டியாக இருந்தால் அடுத்த முறை மெழுகை 10 கிராமாகக் குறைக்கலாம். ஒளிபடாத குளிர்ந்த இடத்தில் மூன்று மாதம் வரை இருக்கும். பழைய எண்ணெய் வாடை வீசினால் எறிந்துவிடவேண்டும். இந்தக் களிம்பில் நீரைப் பிடிக்கும் பொருள் ஏதும் இல்லை; ஆகவே ஈரத் தோலில் மட்டுமே பூசவேண்டும்.

இரண்டாவது, கிளிசரின் நீர். கொதித்தாறிய நீர் 47.5 கிராம், மருந்தகக் கிளிசரின் 2.5 கிராம். இதைத் தோலில் தடவி, காயுமுன் மேலே முதலாவது களிம்பைப் பூசினால் இரண்டும் சேர்ந்து ஒரு முழுக் கிறீமின் வேலையைச் செய்யும். கிளிசரினைக் கலக்காமல் அப்படியே பூசுவோர் உளர். அது தவறு: செறிவான கிளிசரின், காற்றில் ஈரம் இல்லாதபோது, தோலின் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். இந்த நீரைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடிக்கவேண்டும். அதனால்தான் அளவு இவ்வளவு சிறிது.

மூன்றாவது, நீரும் எண்ணெயும் இணைந்த உண்மையான கிறீம். வீட்டில் புதிய குழம்பாக்கிகளைத் தேடி அலைவதைவிட, லிஃப்ஷூட்ஸின் வழியைப் பின்பற்றுவது எளிது. மருந்தகத்தில் 'வொல்வக்ஸ்அல்கொஹோல்சால்பெ' என்று கேட்டால், கம்பளிக் கொழுப்பு அற்ககோல்கள் வெள்ளை வஸலீனில் சேர்ந்த களிம்பு அடித்தளம் கிடைக்கும். ஜேர்மன் மருந்து நூலின் முறைப்படி இது தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கும். அடித்தளம் 25 கிராம், கொதித்தாறிய நீர் 22.5 கிராம், கிளிசரின் 2.5 கிராம் என எடுக்கவும். கிளிசரினை நீரில் கலந்துகொள்ளவேண்டும். அடித்தளம் அறை வெப்பத்தில் மென்மையானதும், அதே வெப்பமுள்ள நீரைச் சில துளிகளாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நீர் முற்றாக மறையும்வரை குழைக்கவேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் நீர் தனியாக நிற்கும். தேங்காய்ப்பூவைப் பிழியும் பொறுமை இதற்கும் வேண்டும்; 15 நிமிடமாவது ஆகும். முடிவில் வெண்மையான, கனத்த கிறீம் கிடைக்கும். குதிகாலுக்கும் முழங்கைக்கும் இது மிக நல்லது. முகத்துக்குக் கனம் அதிகம். கம்பளிக் கொழுப்புக்கு ஒவ்வாமை உள்ளோர் தவிர்க்கவேண்டும்.

நீர் சேர்ந்த எதுவும் கெடும் என்பதை இங்கே அழுத்திக் கூறவேண்டியுள்ளது. வைட்டமின் ஈ, தேயிலைமர எண்ணெய், தேன் ஆகியவை காப்புப் பொருள்கள் என்று பரவலாக நம்பப்படுகின்றது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடைவதைத் தாமதப்படுத்துமேயன்றி, ஒரு நுண்ணங்கியையும் தடுக்காது. வாசனை எண்ணெய்கள் கிறீமில் சேர்க்கும் சிறிய அளவில் நம்பத்தகுந்த காப்பை அளிப்பதில்லை. வறண்ட, வெடித்த தோலில் ஒவ்வாமையையே பெரும்பாலும் வரவழைக்கும். கெட்டுப்போன கிறீம் எப்போதும் நாறுவதுமில்லை, நிறம் மாறுவதுமில்லை. வெடிப்புள்ள தோலில் அதனைப் பூசுவது கிருமியைக் கதவு திறந்து உள்ளே விடுவதாகும். ஆகையால் மூன்றாவது கிறீமைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, விரலால் அல்லாது சுத்தமான கரண்டியால் எடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கவேண்டும். சாடியின் மேல் செய்த தேதியை எழுதுவது நல்ல வழக்கம்.

யூரியாவை வீட்டில் சேர்க்கவேண்டாம். அது வறட்சிக்குச் சிறந்த பொருளே. 5 முதல் 10 சதவீத யூரியா கிறீம்கள் இங்கே எளிதில் கிடைக்கின்றன. ஆனால் நீரில் அது மெல்லச் சிதைந்து அமோனியாவைத் தரும். பிஎச் அளவு உயரும். இதனைத் தடுக்கும் முறை மருந்தகத்தின் வேலை. மேலும் வெடித்த தோலிலும் சிறு பிள்ளைகளின் தோலிலும் யூரியா கடுமையாக எரியும்.

எந்தப் புதுத் தயாரிப்பையும் முன்கையின் உட்புறத்தில் சிறு இடத்தில், நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் பூசிப் பார்த்த பின்னரே உடலெங்கும் பயன்படுத்தவேண்டும். வஸலீனும் எண்ணெயும் ஊறிய ஆடைகளும் படுக்கை விரிப்புகளும் எளிதில் தீப்பற்றும். களிம்பு பூசிய கையுடன் குத்துவிளக்கேற்றும்போதும், கற்பூரம் காட்டும்போதும் சட்டைக் கைகளை மடித்து விட்டுக்கொள்ளவேண்டும்.

விற்கலாமா?

நன்றாக வந்த களிம்பை ஊர்ப்பொதுவிழாக்களில் சாடி சாடியாக விற்கும் எண்ணம் இயல்பானதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன ஒழுங்குவிதி 1223/2009 அதனை எளிதாக அனுமதிப்பதில்லை. 2013 யூலை 11 முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள அவ்விதியின்படி, சந்தைக்கு வரும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் பொறுப்பாளர் ஒருவர், தகுதி பெற்றவரின் பாதுகாப்பு மதிப்பீடு, மின்னணுத் தளத்தில் பதிவு, உட்பொருள்களைக் கூறும் முகப்புச்சீட்டு ஆகியவை கட்டாயம். வணிக நோக்கின் பகுதியாக இலவசமாகக் கொடுத்தாலும் இதே விதி பொருந்தும். தன் வீட்டாருக்குச் செய்வதை அது தடுப்பதில்லை.

மருத்துவரிடம் செல்லவேண்டிய நிலை

இரண்டு வாரம் முறையாகப் பூசியும் மாற்றம் இல்லையெனில் வீட்டுத் தயாரிப்புகளை நிறுத்தவேண்டும். நீர் கசிதல், தேன்நிறப் பொருக்கு, காய்ச்சல், சூடான வீக்கம் ஆகியன தொற்றின் அறிகுறிகள். அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். முழங்கை, முழங்கால் மடிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் சொறி, ஜேர்மனியில் 'நொய்ரோடேர்மிட்டிஸ்' என்று அழைக்கப்படும் நோயாக இருக்கலாம். நீரிழிவு உடையவரின் பாத வெடிப்பை ஒருநாளும் வீட்டு வைத்தியத்துக்கு விடலாகாது. முதலில் குடும்ப மருத்துவரை அணுகவேண்டும். அவர் தேவை கண்டால் தோல் மருத்துவரிடம் அனுப்புவார். ஆஹென் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. செல்லும்போது பயன்படுத்திய களிம்பின் சாடியையும், அதில் சேர்த்த பொருள்களின் பட்டியலையும் கையில் எடுத்துச் செல்லவேண்டும். எதனால் ஒவ்வாமை ஏற்பட்டது என்று மருத்துவர் தேடும்போது முதலில் கேட்பது அந்தப் பட்டியலையே.